பட்டு ஆலை வெறுமையாக இருக்கவில்லை

கஜலக்சுமிக்கு ஐம்பத்தாறு வயதாக இருந்தபோது, ரூட்டிசெல் ஊராட்சி அலுவலகம் அவருக்கு ஒரு சிறு புத்தகத்தைத் தபாலில் அனுப்பியது. முப்பத்திரண்டு பக்கம். அட்டையில் தேவாலயக் கோபுரமும் திராட்சைத் தோட்டமும் இருந்தன. சுவிஸ் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் அதை அனுப்புவார்கள். அதைப் படித்துக்கொண்டு போய், ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்கு முன்னால் இருந்து, ஊரைப் பற்றி அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லவேண்டும்.

ரூட்டிசெல் சூரிச் நகரத்துக்கு வடகிழக்கே இருக்கிறது. பதினோராயிரத்து நானூறு பேர் வாழ்கிறார்கள். பத்தாயிரம் தாண்டினால் அது நகரம் என்பது இந்த நாட்டுப் புள்ளிவிவரக்காரரின் கணக்கு. ரூட்டிசெல்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. யார் கேட்டாலும் "எங்கள் கிராமம்" என்றுதான் சொல்வார்கள். காலையில் பாதி ஊர் ரயில் ஏறி சூரிச்சுக்கும் ஓர்லிகோனுக்கும் வேலைக்குப் போய்விடும். நானும் கஜலக்சுமியும் பன்னிரண்டு வருடம் காலை ஐந்து மணி ரயிலில் எதிரெதிர் இருக்கையில் போய்வந்தவர்கள். ஓர்லிகோனில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பகுதிக்கு அவர் பொறுப்பாளர். நான் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு கம்பனியின் கந்தோர் அறைகளைத் துப்புரவு செய்தேன். இங்கே எழுதுவதில் பாதி அவர் ரயிலில் சொன்னது. மீதி நான் பார்த்தது.

இவ்வளவு காலம் விண்ணப்பிக்காமல் இருந்துவிட்டு ஏன் இப்போது என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கட கட்டடத்தில பதினாறு தபால்பெட்டி," என்றார். "மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வோட்டுக் கடிதம் வரும். பதினைஞ்சு பெட்டிக்குள்ள கிடக்கும், எங்கட பெட்டிக்குள்ள கிடவாது. முப்பது வருசமாப் பாத்திட்டன். இனிப் பாக்கேலாது."

அவர் கணவர் இரவீந்திரனுக்கு இதில் விருப்பமில்லை. அவர் முதியோர் இல்லம் ஒன்றில் சமையல்காரர். இருக்கிற வதிவிட அனுமதியே போதும், கேட்டுப் போய் ஏன் அவமானப்படவேண்டும் என்பது அவர் கட்சி. மகள் சரணியா லோசானில் தாதி. அவள் அங்கேயே எப்போதோ பிரஜையாகிவிட்டாள். தாயின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவள் அவள்தான்.

கஜலக்சுமி புத்தகத்தைப் படித்த விதம் கொஞ்சம் விசேஷமானது. எழுதியதை மனப்பாடம் பண்ணிவிட்டு விடவில்லை, போய்ப் பார்த்தார். ஊரில் பதினேழு கல் நீரூற்றுகள் என்று புத்தகம் சொன்னது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்து எண்ணினார். பதினாறுதான். பதினேழாவது, பள்ளிக்கூடத்துக்குக் கீழே வட்டச் சந்தி கட்டியபோது அகற்றப்பட்டது என்பதை, அங்கே நாயுடன் நின்ற ஒரு கிழவர் சொன்னார். ரயில்பாதை வந்த ஆண்டு, பழைய மாவாலைக்குத் தண்ணீர் வந்த வாய்க்கால், 1834இல் மேல்தெரு எரிந்தது, எரிந்த வீடுகளின் கல் எந்த மதிலில் இருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ரயிலில் எனக்கும் ஒப்புவித்தார். நான் அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பதாம் பக்கத்தில் வந்து அவர் நின்றுவிட்டார்.

அந்தப் பக்கம் ஆற்றங்கரைப் பட்டு ஆலையைப் பற்றியது. நானூறு பெண்கள் வேலை செய்த ஆலை. கடைசி வசனம் இப்படி இருந்தது: "1974இல் ஆலை மூடப்பட்டது, அதன் பின் வெறுமையாகக் கிடந்த கட்டடம் 1991இல் இடிக்கப்பட்டது."

1988 நவம்பர் முதல் 1991 மார்ச் வரை கஜலக்சுமியும் இரவீந்திரனும் அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வாழ்ந்தார்கள். அவர்களோடு இன்னும் முப்பத்தெட்டுப் பேர். எல்லோரும் புகலிடம் கேட்டு வந்த தமிழர். தறிகள் நின்ற பெரிய மண்டபத்தைப் பலகை அடித்து அறைகளாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நிலத்தில் தறிகளைப் பூட்டிய இரும்பு ஆணிகள் அப்படியே இருந்தன. இரவீந்திரன் அவற்றுக்கு மேல் பழைய கம்பளம் விரித்தார். சமையலுக்கு ஒரே அடுப்பங்கரை. நாற்பது பேருக்கும் அவர்தான் சமைத்தார்; பிறகு அதுவே அவர் தொழிலானது.

1990 பெப்ரவரியில் நாடு முழுக்க ஒரு புயல் அடித்தது. மரங்கள் விழுந்து வீதி அடைபட்ட ஒரு பிற்பகலில் கஜலக்சுமிக்குப் பிரசவ வலி எடுத்தது, குறித்த நாளுக்கு மூன்று கிழமை முந்தி. அம்புலன்ஸ் வரமுடியவில்லை. ஊர் மருத்துவச்சி விழுந்த மரங்களுக்கு மேலால் ஏறி, கையில் பையோடு நடந்து வந்து சேர்ந்தார். ஜன்னல் கண்ணாடிகள் அடித்துக்கொண்டிருந்த அந்த மண்டபத்தில், பலகைத் தடுப்புக்குப் பின்னால், சரணியா பிறந்தாள்.

"வெறுமையா இருந்ததாம்," என்று கஜலக்சுமி புத்தகத்தை எனக்கு நீட்டினார். சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

2022 நவம்பரில் குழு அவரை அழைத்தது. தலைவர் புரூனர் என்பவர், ஊரிலேயே பிறந்து வளர்ந்த கட்டடப் பொறியியலாளர். நல்ல மரியாதையான மனிதர், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார் என்று கஜலக்சுமி பிறகு சொன்னார். கேள்விகள் டொச் மொழியில், அதாவது ஜெர்மனில், நடந்தன. நீரூற்றுகள் எத்தனை என்ற கேள்விக்கு, "புத்தகத்தில் பதினேழு, நிலத்தில் பதினாறு" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். புரூனர் சிரிக்கவில்லை.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. ஆலை மூடப்பட்ட பின் இடிக்கப்படும்வரை கட்டடம் எதற்குப் பயன்பட்டது?

"கடைசி மூன்று வருடம் நாங்கள் அதில் குடியிருந்தோம்," என்றார் கஜலக்சுமி.

புரூனர் தாளைப் பார்த்தார். "சரியான விடை, எதற்கும் பயன்படவில்லை என்பது. அது வெறுமையாகக் கிடந்தது."

"இல்லை. என் மகள் அதற்குள் பிறந்தவள்."

"ஆற்றங்கரைத் தெருவில் வேறு கட்டடங்களும் இருந்தன, திருமதி இரவீந்திரன். நீங்கள் மாறி நினைக்கலாம்."

"நான் மூன்று பனிக்காலம் இருந்த வீட்டை மாறி நினைக்கமாட்டேன்."

"புத்தகத்தில் உள்ளதைச் சொன்னால் போதுமானது," என்றார் இன்னொருவர், உதவி செய்யும் குரலில்.

"புத்தகத்தில் பிழை இருக்கிறது," என்றார் கஜலக்சுமி.

அதற்குப் பிறகு அறையின் காற்று மாறிவிட்டதாம். மிச்சக் கேள்விகளைச் சுருக்கமாகக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஜனவரியில் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிப்பு. உள்ளூர் நிலைமைகள் பற்றிய அறிவு போதாது. விண்ணப்பதாரி திருத்தங்களை ஏற்க மறுத்தார். ஊரோடு இணைந்து வாழும் மனப்பாங்கில் ஐயம் உண்டு. முப்பது நாளுக்குள் மாவட்டச் சபைக்கு முறையீடு செய்யலாம்.

இரவீந்திரன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். "வெறுமையா இருந்தது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா முடிஞ்சுது. உமக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"என்ன குறைஞ்சு போயிருக்குமோ? நாப்பது சனம் குறைஞ்சு போயிருக்கும். நீங்கள், நான், பிள்ளை எல்லாரும்."

"அவங்கட ஊர். அவங்கள் எழுதுவாங்கள்."

"உங்கட வயசில அரைவாசிக்கு மேல இந்த ஊரிலதான் போயிருக்கு. இன்னும் அவங்கட ஊரோ?"

அவர் எழுந்து போய்ச் சப்பாத்தைத் துடைக்கத் தொடங்கினார். கதைக்க விருப்பமில்லாவிட்டால் அவர் சப்பாத்துத் துடைப்பார்.

முறையிடுகிறேன், ஆதாரம் பிறகு வரும் என்று ஒரு வரி எழுதி நாள் முடியுமுன் அனுப்பிவிட்டு, கஜலக்சுமி முதலில் ஊர்ப் பதிவகத்துக்குப் போனார். அங்கே அவர்கள் பெயர் 1992இலிருந்துதான் இருந்தது. அதற்கு முன் புகலிடம் கேட்டவர்களின் பதிவு மாநிலத்திடம் இருந்ததாம். மாநிலத்தைக் கேட்டால், பழைய பட்டியல்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது. சரணியாவின் பிறப்புச் சான்றிதழில் ரூட்டிசெல் என்று ஊர் மட்டும் இருந்தது, வீடு இல்லை. மருத்துவச்சி இறந்து பல வருடம். ஆலையில் ஒன்றாக இருந்தவர்கள் கனடா, இலண்டன், லுசேர்ண் என்று போய்விட்டார்கள். ஒரு புகைப்படம் இருந்தது. அதில் குழந்தையும் ஒரு சுவரும் தெரிந்தன. எந்தச் சுவர் என்று யார் சொல்வது?

கடைசியில் ஊராட்சி ஆவணக் காப்பகம். அது அலுவலகத்தின் நிலக்கீழ் மாடியில், கிழமைக்கு ஒரு பிற்பகல் மட்டும் திறந்திருக்கும். பொறுப்பாளர் கெல்லர் என்ற ஒல்லியான பெண்மணி. கஜலக்சுமி வேலையிலிருந்து நேரே போனார். கையில் சலவைத் தூள் மணம் போகவில்லை என்று அவருக்கு ஒரு கூச்சம். ஊராட்சி மன்றத்தின் 1988ஆம் ஆண்டு நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்க்க வேண்டும் என்றார்.

கெல்லர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். "முப்பது வருடம் மூடியிருக்கும். இப்போது திறந்தாயிற்று. யாரும் பார்க்கலாம்," என்றார். "நீங்கள்தான் முதல் ஆள்."

நான்கு புதன்கிழமைகள் போனார். கையெழுத்தில் இருந்த பக்கங்களைக் கெல்லர் வாசித்துக் காட்டினார். நான்காவது புதன்கிழமை ஒரு மண்ணிறக் கோப்பு வந்தது. மேலே "பட்டு ஆலை, எதிர்ப்பு மனு, டிசம்பர் 1988" என்று இருந்தது.

அது ஊர்மக்கள் மன்றத்துக்குக் கொடுத்த மனு. ஆலைக் கட்டடத்தில் நாற்பது வெளிநாட்டவர் குடியேற்றப்பட்டிருக்கிறார்கள், அவர்களின் சமையல் மணம் ஆற்றங்கரைவரை வருகிறது, பிள்ளைகள் அந்தப் பக்கம் போகப் பயப்படுகிறார்கள், கிராமத்தின் இயல்பு கெடுகிறது, உடனே அகற்ற வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு கையொப்பம்.

கையொப்பங்கள் இருந்த தாள்களைக் கெல்லர் வெள்ளைத் தாளால் மூடிவைத்தார். பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், பெயர்களைக் காட்டச் சட்டம் விடாது என்றார்.

"பெயர் வேண்டாம்," என்றார் கஜலக்சுமி. "எண்ணிக்கையும் மேலே எழுதியிருப்பதும் போதும். பிரதி எடுத்துத் தாருங்கள்."

அடுத்தநாள் ரயிலில் அதை எனக்குச் சொன்னார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் எத்தனை பேருக்கு இந்த முப்பத்திநாலு வருடமும் காலை வணக்கம் சொல்லியிருப்பேன் என்றார். பாணுக்கடை அம்மா இருப்பாவோ? மேல்மாடி மனுசன்? பிறகு கையை விசுக்கினார். "ஆர் எண்டு தெரிஞ்சு என்ன? எங்களைக் கலைக்க வேணும் எண்டு எழுதின கடுதாசிதான் நாங்கள் இருந்தனாங்கள் எண்டதுக்குச் சாட்சி. அது காணும்."

சரணியா லோசானிலிருந்து தொலைபேசியில் ஒரு யோசனை சொன்னாள். மனுவைச் சேர்க்காமல், அகதிகளைத் தங்கவைக்க மன்றம் மாநிலத்துக்குக் கட்டடத்தை விட்ட தீர்மானத்தை மட்டும் அனுப்பினால் என்ன? அதுவும் கோப்பில் இருந்தது. "அம்மா, மனுவைப் பாத்தால் அவையளுக்கு வெக்கமா இருக்கும். வெக்கப்பட்ட சனம் இன்னும் கோவப்படும்."

"ஊர்ச் சரித்திரம் படிக்கச் சொன்னது ஆர்? அவைதானே," என்றார் கஜலக்சுமி. "படிச்சிட்டன். முழுக்கத்தான் அனுப்புவன்."

விரிவான முறையீடு இரண்டு பக்கம். சரணியா எழுதினாள், கஜலக்சுமி வரிக்கு வரி டொச்சில் வாசித்துப் பார்த்து, மூன்று இடத்தில் "தயவுகூர்ந்து" என்ற சொல்லை வெட்டினார்.

மே மாதம் புரூனர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். மிகவும் நயமாகக் கதைத்தார். ஒரு தவறான புரிதல் நடந்துவிட்டது. மீண்டும் ஒருமுறை வாருங்கள், அந்தக் கேள்வி இருக்காது. நீங்கள் முறையீட்டை மீளப் பெற்றுக்கொண்டால் கோடைக்கு முன் எல்லாம் முடிந்துவிடும். இரவீந்திரன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஓம் என்று சொல்லும்படி தலையால் காட்டினார்.

"வருகிறேன்," என்றார் கஜலக்சுமி. "ஆனால் அந்தக் கேள்வி இருக்க வேண்டும். அதைக் கேட்காவிட்டால் எனக்கு உங்கள் குடியுரிமை வேண்டாம். முறையீட்டை மீளப் பெறமாட்டேன்."

தொலைபேசியை வைத்ததும் வீட்டில் பெரிய சண்டை. கையில் வந்ததைத் தட்டிவிட்டாய், ஊர் முழுக்க எங்களைப் பற்றிக் கதைக்கும், எனக்கு வேலைக்குப் போக முகமில்லை என்றெல்லாம் இரவீந்திரன் கத்தினார். கஜலக்சுமி கத்தவில்லை.

"அண்டைக்கு நீங்கள் அடுப்பங்கரையில நிண்டு பிள்ளைக்குச் சுடுதண்ணி வைச்சனீங்கள்," என்றார். "அவசரத்தில ரெண்டு தரம் நிலத்தில ஊத்திப்போட்டியள். அதுவும் நடக்கேல்லையோ?"

அவர் மூன்று நாள் சப்பாத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள், சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதத் தொடங்கினார். 1988 முதல் 1991வரை பட்டு ஆலையின் இரண்டாம் மாடியில் நாற்பது பேருக்குச் சமைத்தவன் நான். அடுப்புகள் நான்கு, அதில் ஒன்று பழுது. ஜன்னல்கள் இருபத்திரண்டு. மேற்குச் சுவரில் தறிச் சொந்தக்காரரின் பெயர் பச்சை எழுத்தில் இருந்தது. தமிழில் எழுதிச் சரணியாவிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தார். கையொப்பம் வைத்து, தானே கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் போட்டார். மனைவியிடம் சொல்லவில்லை. மகள்தான் சொன்னாள்.

செப்டம்பரில் மாவட்டச் சபையின் முடிவு வந்தது. விண்ணப்பதாரியின் விடை சரியானது. ஊராட்சியின் கைநூல் பிழையானது. சரியான விடையைக் கைவிட மறுத்ததை இணைந்து வாழாமை என்று கொள்ள முடியாது. நிராகரிப்பு ரத்து. அந்த வசனத்தைக் கஜலக்சுமி எனக்கு ரயிலில் வாசித்துக் காட்டினார். எதிரில் இருந்த மனிதர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.

நவம்பரில் அதே அறை, அதே ஐந்து பேர். புரூனர் நேரடியாகவே கேட்டார். "1988க்கும் 1991க்கும் இடையில் பட்டு ஆலையில் என்ன இருந்தது?"

கஜலக்சுமி கால்மணி நேரம் பேசினார். பலகைத் தடுப்புகள், ஆணிகள், புயல், மருத்துவச்சி. குழுவில் இருந்த ஒரு பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் மற்றவர்கள் எழுந்து கைகொடுத்தார்கள். புரூனர் கதவுவரை கூட வந்தார்.

"அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது," என்றார் தாழ்ந்த குரலில். "அந்த வேலிப்பக்கம் போகக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் போய் எட்டிப் பார்ப்போம். கொடியில் நிறம் நிறமாக நீளத் துணிகள் காய்ந்துகொண்டிருக்கும்."

கஜலக்சுமி அவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியானால் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிந்துகொண்டுதான் நான் மாறி நினைக்கிறேன் என்று சொன்னீர்களா?"

புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, தலைவர் என்ற முறையில் தன்னால் வேறு சொல்ல முடியவில்லை என்று அவர் ஏதோ தொடங்கினார். கஜலக்சுமி அவர் முடிக்கும்வரை காத்திருந்தார். பரவாயில்லை என்று அவர் சொல்வார் எனப் புரூனர் எதிர்பார்த்திருப்பார் போல. கஜலக்சுமி சொல்லவில்லை. "அந்தத் துணிகள் சேலைகள். புத்தகத்தைத் திருத்துங்கள்," என்றுவிட்டு வந்துவிட்டார்.

திருத்தினார்கள். அடுத்த வசந்தத்தில் வந்த பதிப்பில், ஆலையில் "இந்திய அகதிகள்" தங்கியிருந்தனர் என்று இருந்தது. கஜலக்சுமி அன்றே கடிதம் எழுதினார். மூன்று மாதம் கழித்து இலங்கைத் தமிழர் என்று மாற்றி ஒரு சிறு தாளை எல்லாப் பிரதியிலும் ஒட்டினார்கள். நீரூற்று இன்னும் பதினேழாகவே இருக்கிறது; அதற்கும் எழுதியிருக்கிறார்.

மாநிலமும் கூட்டாட்சியும் தங்கள் பங்குக்கு ஒரு வருடம் எடுத்துக்கொண்டன. 2024 இலையுதிர்காலத்தில் அவர் சுவிஸ் பிரஜையானார். இரவீந்திரனும் இப்போது விண்ணப்பித்திருக்கிறார்.

டிசம்பரில் ஊர்ப் பொதுக்கூட்டம் நடந்தது. ரூட்டிசெல்லில் இன்னும் பள்ளி விளையாட்டு மண்டபத்தில் கூடி, கை உயர்த்தித்தான் ஊர்க் காரியங்களை முடிவுசெய்கிறார்கள். வாக்குரிமை இல்லாத நான் மண்டபத்தின் பின்பக்கம் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். அன்று ஊராட்சி மன்றம் ஒரு யோசனை கொண்டுவந்தது: ஐந்து மணி ரயிலுக்கு நிலையம்வரை போகும், ஆட்கள் அதிகம் ஏறாத காலை முதல் பஸ்ஸை நிறுத்திவிடலாம்.

கஜலக்சுமி எழுந்து ஒலிவாங்கிக்குப் போனார். நீலக் கம்பளி மேலங்கி போட்டிருந்தார். முதலில் தன் பெயரை முழுதாகச் சொன்னார்.

"அந்தப் பஸ்ஸில் பதினொரு பேர் போகிறோம்," என்றார் டொச்சில். "நீங்கள் ஏழு மணிக்கு நகரத்தில் இறங்கும்போது உங்கள் கந்தோர் துடைத்திருக்கும், ஹோட்டலில் துவாய் மடித்திருக்கும், ஆசுப்பத்திரியில் தேநீர் சூடாக இருக்கும். அதைச் செய்கிறவர்கள் எதில் போவது? மன்றத்தில் யாராவது ஒருவர் அந்தப் பஸ்ஸில் ஒருநாள் ஏறிப் பார்த்தீர்களா?"

ஒன்றிரண்டு பேர் கைதட்டினார்கள். ஒரு மனிதர், இப்போதுதான் வந்திருக்கிறார், அதற்குள்ளா என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கே கேட்டது. கஜலக்சுமிக்கும் கேட்டிருக்கும்.

வாக்கெடுப்பு நடந்தது. யோசனைக்கு ஆதரவாக நூற்று எட்டுக் கைகள். எதிராக யார் என்று கேட்டதும் கஜலக்சுமி கையை உயர்த்தினார், முழங்கை மடியாமல் நேராக. அவருக்குப் பின் அங்குமிங்குமாகக் கைகள் எழுந்தன. எண்ணுகிறவர் வரிசை வரிசையாக விரலை நீட்டிக்கொண்டு வந்து, நடுவில் தவறவிட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பலர் கை நோக இறக்கி ஏற்றிக்கொண்டார்கள்.

எழுபத்தொன்பது. தோற்றாயிற்று. முடிவை அறிவித்து, கூட்டத் தலைவர் அடுத்த விடயத்துக்குத் தாளைப் புரட்டினார். கஜலக்சுமி தன் கையை அப்போதுதான் கீழே விட்டார். பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் திரும்பி, முடிவுக்கு எதிராக எங்கே, எத்தனை நாளுக்குள் எழுதலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.